அத்தியாயம் 4: ஸ்டெப்னி எங்கே, நாச்சியார்?

லீலாவிடமிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தி ஒரே வரிதான். "ஸ்டெப்னி விஷயம். உடனே வாங்க."

துப்பறியும் ஜீவானந்தம் அதைப் படித்ததும் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். படப்பையில் பரோட்டா கடைக்கு மேல் மாடியில் இருக்கும் அவருடைய ஆபீசுக்கு அது ஒன்றுதான் ஜன்னல். ரகசிய வழக்கு வந்தால் அதைச் சாத்திவிடுவது அவர் வழக்கம். சால்னா வாசனை உள்ளே மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் தவிக்கும், அது வேறு விஷயம்.

"பாவம் லீலாக்கா," என்று உச்சுக் கொட்டினார். "நாகப்பண்ணன் இப்படிச் செய்வாருன்னு நான் கனவுலகூட நினைக்கல. கல்யாணத்துக்குப் பொண்ணை வச்சிருக்கற வயசுல ஒரு ஸ்டெப்னி."

அசிஸ்டென்ட் தென்றல் எட்டி போனைப் பார்த்தாள். "சார், கீழ போட்டோவும் அனுப்பிச்சிகிறாங்க, பாத்தீங்களா? கார் டிக்கி தொறந்து கீது. உள்ள பள்ளம் மட்டும்தான் கீது. இது நெஜமான ஸ்டெப்னி சார். டயரு."

ஜீவானந்தம் ஜன்னலைத் திறந்தார்.

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் க்வாலிட்டி பிரிவில் இருந்தவர் அவர். எந்தத் தப்பு நடந்தாலும் வரிசையாக ஐந்து முறை "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே போனால் மூல காரணம் அகப்பட்டுவிடும் என்று அங்கே ஒரு டிரெய்னிங் கொடுத்தார்கள். மற்றவர்கள் சமோசா தின்றுவிட்டு மறந்துவிட்டார்கள். ஜீவானந்தம் மட்டும் அதை மந்திரமாக எடுத்துக்கொண்டார். ஒருநாள் பிளான்ட் ஹெட்டையே நிறுத்தி வைத்து ஐந்து ஏன் கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து துப்பறிகிறார்.

சேரப்பணஞ்சேரியில் லீலாவின் கணவர் நாகப்பனின் காம்பவுண்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, லீலா பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தார். புடவை முழுக்க வைக்கோல்.

"தங்கச்சி பொண்ணு வளைகாப்புக்குப் போய்க்கினு இருந்தேன் ஜீவா சார். வல்லக்கோட்டை தாண்டினதும் பஞ்சர். டிக்கியத் தொறந்தா ஸ்டெப்னி இல்ல. கடைசில எப்டிப் போய் எறங்கினேன் தெரியுமா? டிராக்டர்ல! வைக்கோல் மேல! சம்பந்தி வூட்டுக்காரங்கல்லாம் வாசல்ல நின்னுக்கினு என்னப் பாத்து செல்ஃபி எடுக்கறாங்க!"

தென்றல் சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்தாள்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்காக்கா?" என்றார் ஜீவானந்தம்.

"சந்தேகம் இன்னா சந்தேகம். கார் சாவி ரெண்டே எடத்துலதான் கீது. ஒண்ணு எங்க வூட்டு ஆணியில. இன்னொண்ணு டிரைவர் நாச்சியார்கிட்ட. நாங்க எங்க காருலேர்ந்து நாங்களே திருடிக்குவோமா?" லீலாவின் குரல் பின்னாலிருந்த ஹாஸ்டலின் மூன்றாவது மாடி வரை போயிற்று. "சாயங்காலம் ஷிப்ட் பஸ்ஸு வர்றதுக்குள்ள என் ஸ்டெப்னி வந்தாவணும். வரலேன்னா அந்தப் பொண்ணுக்கு இங்க வேலையும் இல்ல, தங்க ரூமும் இல்ல. சொல்லிட்டேன்."

அது அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே நடத்தும் லேடீஸ் ஹாஸ்டல். கம்பெனிகளில் வேலை செய்யும் தெற்கத்திப் பெண்களால் நிரம்பிய கட்டடம். லீலாவின் காரை ஓட்டும் நாச்சியாரும் அவர்களில் ஒருத்தி, கோவில்பட்டிப் பக்கம். காரை ஓட்டி முடித்துச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு அவள் நடந்து வருகிற அழகுக்கே அந்த ஹாஸ்டலில் பாதிப் பேர் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருந்தார்கள். அவள் இப்போது காரைப் பஞ்சர் ஒட்டி எடுத்து வரப் போயிருந்தாள்.

ஜீவானந்தம் முதல் சாட்சியை அழைத்தார். கேட் வாட்ச்மேன் மாரிசெல்வம். அவரும் தெற்கத்திக்காரர்தான். லீலா பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"காருக்குப் பக்கத்துல யாரையாவது பாத்தீங்களா?"

மாரிசெல்வம் லீலாவைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம விடியக்காலம் டிக்கி சத்தம் கேட்டுது சார். எட்டிப் பாத்தேன்."

"பாத்தா?"

"பைய எடுத்துட்டுப் போனாவ."

ஜீவானந்தத்தின் காது விடைத்தது. "யாரு?"

"நம்ம ஆளுவதான் சார்," என்றார் மாரிசெல்வம். அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை என்று அவர் தீர்மானம் செய்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது.

ஒரு சாட்சியிடம் ஒரே கேள்வியை இரண்டாம் தரம் கேட்கக் கூடாது, கேட்டால் பதில் கெட்டுவிடும் என்பது ஜீவானந்தத்தின் கொள்கை. அவர் லீலாவையும் தென்றலையும் தனியே அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"கவனிச்சீங்களா? மூணு துப்பு. 'பைய எடுத்துட்டு.' அதாவது ஒரு பை. ஸ்டெப்னி அதுக்குள்ள. 'போனாவ.' போனாங்க. ஒருத்தர் இல்ல, ஒரு கும்பல். 'நம்ம ஆளுவ.' அவரு ஊர்க்காரங்க!"

லீலா நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ, ஞாயித்துக்கெழம விடிகாலைலதான் நாச்சியார் ஊருக்குப் போனா! தோள்ல இம்மாம் பெரிய பை!"

"கேஸ் முடிஞ்சிடுச்சு," என்றார் ஜீவானந்தம்.

"டயரு கெடைக்கல சார்," என்றாள் தென்றல்.

நாச்சியார் காரோடு திரும்பி வந்ததும் அவளுடைய பை ஹாஸ்டல் முற்றத்துக்கு வந்தது. சாட்சி சொன்னதைச் சந்தேக நபரிடம் சொல்லக் கூடாது என்பது ஜீவானந்தத்தின் இன்னொரு கொள்கை. அதனால் எதற்காகப் பையைக் கேட்கிறார்கள் என்றே நாச்சியாருக்குத் தெரியவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் எழுந்து மாடி வராந்தா கம்பிகளில் வரிசையாகத் தொங்கினார்கள். லீலா பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். சுடிதார்கள், துண்டு, ஒரு பொட்டலம் சேவு, ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய், உள்ளே போட்டுக்கொள்ளும் துணிகள் எல்லாம் சிமென்ட் தரையில் விழுந்தன.

"எதுக்குக்கா இப்படிப் பண்ணுதிய?" என்றாள் நாச்சியார்.

"ஸ்டெப்னி எங்கே, நாச்சியார்?" என்றார் ஜீவானந்தம். இந்தக் கேள்வியை அவள் வரும்வரை மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார்.

"சேவு பாக்கெட்டுக்குள்ள இருக்கான்னு பாருங்க சார்," என்று தென்றல் அவர் காதில் முணுமுணுத்தாள். "இந்தப் பைக்குள்ள காரு டயர் எப்டி சார் போவும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் க்வாலிட்டிக்காரர் எதையும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டார். கிட்டத்தட்ட ஸ்டெப்னி அளவில் என்ன இருக்கிறது என்று சுற்றிலும் பார்த்தார். துணி துவைக்கிற பிளாஸ்டிக் பேசின் அகப்பட்டது. அதைப் பைக்குள் ஒரு பக்கமாக நுழைத்து, முழங்காலை வைத்து அழுத்தி, ஜிப்பை இழுத்தார். ஜிப் பாதி வரை வந்தது, பிறகு மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது.

மாடியில் யாரோ "திருடியா இவ?" என்று கேட்டது தெளிவாகக் கேட்டது.

நாச்சியார் குனிந்து, முதலில் உள்ளாடைகளைத் துண்டுக்குள் சுருட்டினாள். பிறகு கார் சாவியை எடுத்து மதில் மேல் வைத்தாள். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. குரல் மட்டும் உடையவில்லை.

"சோலி போனா வேற சோலி. ரூம் போனா வேற ரூம். கள்ளின்னு பேரு வாங்கிட்டு இந்தப் புள்ளையளுக்கு முன்னால எப்படி நடப்பேன்? அதுக்கு என்னக்கா பதிலு?"

ஜீவானந்தம் அறுந்த ஜிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு உள்ளுக்குள் என்னவோ போல் இருந்தது. துப்பறிபவர்களுக்கு அப்படி இருக்கக் கூடாது என்று சமாளித்துக்கொண்டார்.

"சார், இங்க வாங்க!" ஹாஸ்டல் சமையல்கட்டுப் பக்கமிருந்து தென்றல் கூப்பிட்டாள்.

அங்கே ஒரு நீலத் தண்ணீர் டிரம். அது ஆடாமல் இருக்க அடியில் வட்டமாக ஒரு இரும்பு. தென்றல் குனிந்து அதைத் தட்டிக் காட்டினாள். கார் சக்கரத்தின் ரிம். துரு ஒரு பொட்டு இல்லை. விளிம்பில் மட்டும் காய்ந்துபோன சோப்பு நுரை.

"டயர் கழட்டறப்போ பஞ்சர் கடையில சோப்புத் தண்ணி தடவுவாங்க சார். இது நம்ம ஸ்டெப்னியோட ரிம்மு. ரப்பர மட்டும் உரிச்சிக்கினு, இரும்ப இங்கயே போட்டுகிறான். பழத்தப் போட்டுட்டுத் தோலை எடுத்துக்கினு போன மொத திருடன் இவன்தான்."

ஜீவானந்தத்தின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தது. ஐந்து ஏன் கேட்கும் நேரம் வந்துவிட்டது. "ஏன் ரிம்மை விட்டுட்டான்?"

"அவனுக்கு வேணாம்."

"ஏன் வேணாம்?"

"அவன்கிட்டயே ரிம்மு கீது."

"ஏன் இருக்கு?"

"அவன்கிட்ட சக்கரம் கீது. அதுல டயர்தான் சரியில்ல."

"ஏன் அந்தச் சக்கரத்துக்கு அவன் கடையில ஒரு டயர்..."

நான்காவது ஏன் முடிவதற்குள் காதைப் பிளக்கும் ஹாரன் சத்தம் கேட்டது. நாகப்பன் வந்துவிட்டார்.

நாகப்பன் வந்தார் என்றால் அவருடைய டூரிங் பைக்கும் வந்தது என்று அர்த்தம். ஊரெல்லாம் சுற்றுவதற்கென்று செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெளிநாட்டு வண்டி. எருமைக்கும் சோபாவுக்கும் கல்யாணம் செய்து வைத்தால் பிறக்கும் பிள்ளை அப்படித்தான் இருக்கும். பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் பெரிய பெட்டிகள், பின்னால் புதிதாகத் தொங்கவிட்ட அகலமான ரப்பர் ஷீட், அதில் "நெடுஞ்சாலை நண்பர்கள்" என்று அவர் கிளப்பின் பெயர். நாளை மறுநாள் கிளப்போடு தனுஷ்கோடிப் பயணம். அதற்காக ஹெல்மெட்டைச் சோற்று நேரத்தில்கூடக் கழற்றாமல் பழகிக்கொண்டிருந்தார்.

"இன்னா ஜீவா, துப்பு கெடச்சுதா?" என்றவர், டிரம்மின் அடியைப் பார்த்ததும் இருமினார். "பையத் தேடறியாமே? லீலா போன்ல சொல்லுச்சு. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஓரமா ஒரு பெரிய பை கெடந்தத நான் என் கண்ணால பாத்தேன்ப்பா. வா, பின்னாடி ஏறு. இப்பவே போயிடலாம்."

ஜீவானந்தம் ஒரே தாவில் ஏறிவிட்டார். இவ்வளவு ஒத்துழைப்புத் தருகிற குடும்பத் தலைவரை அவர் பார்த்ததே இல்லை. தென்றல் தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டாள்.

கேட்டில் மாரிசெல்வம் வண்டியின் குறுக்கே வந்து நின்றார். "மொதலாளி, அந்தப் புள்ள பாவம்..."

"கேட்ட மூடுப்பா!" என்றார் நாகப்பன்.

மாரிசெல்வம் ஒதுங்கி நின்றார். வண்டி நகர்ந்ததும் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "மொதலாளி, ரோட்டுல சகதி கெடக்கு. பைய போங்க!"

"பையா? எங்க?" என்று ஜீவானந்தம் திரும்பிய வேகத்தில் வண்டியே ஆடியது. மாரிசெல்வத்தின் கையில் பை எதுவும் இல்லை. தொப்பிதான் இருந்தது.

வழியெல்லாம் நேர் ரோட்டில் வண்டி கப்பல் மாதிரி போனது. வளைவு வந்தால்தான் நாகப்பன் "ஹும்" என்று முக்கி, கைப்பிடியோடு மல்லுக்கட்டி, பாதி உடம்பை வெளியே தள்ளி வளைத்தார். தன் எடைதான் காரணம் என்று நினைத்து ஜீவானந்தம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அப்படி மூச்சுப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பது சுகமான காரியம் இல்லை.

ஏரிக்கரை ஓரத்து மண் பாதை முந்தின நாள் மழையில் குழைந்து கிடந்தது. நாகப்பன் ஒரு வேலிக்காத்தான் புதரைக் காட்டி வண்டியை நிறுத்தினார். "அங்கதான்ப்பா பாத்தேன். போய்த் தேடு. நான் இங்கயே நிக்கிறேன்."

ஜீவானந்தமும் தென்றலும் புதர் புதராகத் தேடினார்கள். ஒரு செருப்பு, ஒரு தூண்டில் குச்சி, கோபமாகப் பார்த்த ஒரு நாய், இவைதான் கிடைத்தன.

"சார், ஒண்ணு சொல்லட்டா?" முள்ளை எடுத்துக்கொண்டே தென்றல் கேட்டாள். "நான் பின்னாலயே வந்தேன்ல. திருப்பத்துல எல்லா பைக்கும் சாயும். இது சாயவே மாட்டேங்குது சார். வண்டி நட்டுக்கினு போவுது, நாகப்பண்ணன் மட்டும் சாயறாரு."

"என் எடைம்மா," என்றார் ஜீவானந்தம் வருத்தத்துடன்.

திரும்பி நடந்தபோது அவர் சட்டென்று நின்றார். கையை அகல விரித்துத் தென்றலைத் தடுத்தார்.

"நகராதே! யாரோ நம்மளைப் பின்தொடர்ந்து வந்திருக்காங்க. இதோ பார், கார் டயர் தடம்!"

சேற்றில் தடம் பளிச்சென்று பதிந்திருந்தது. தட்டையாக, அகலமாக, ஓரத்தில் கட்டம் கட்டமாக. சந்தேகமே இல்லை, கார் டயர்தான்.

"இன்னொரு பக்கத்துச் சக்கரம் எங்க சார்?" என்றாள் தென்றல்.

ஜீவானந்தம் பாதையின் அந்தப் பக்கம் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். "ஒத்தைச் சக்கரக் கார்..." அவர் குரல் நடுங்கியது.

"சரி, அது கெடக்கட்டும். என் ஸ்கூட்டர் தடம் இதோ, மெல்லிசா கீது. நீங்க வந்த பைக் தடம் எங்க?"

பைக் தடம் இல்லை. எங்கும் இல்லை. அவ்வளவு பெரிய வண்டி சேற்றில் ஒரு கோடுகூடப் போடாமல் வந்திருக்கிறது, வராத கார் தடம் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஜீவானந்தம் குனிந்தபடி கார் தடத்தையே பிடித்துக்கொண்டு போனார். பாதை வளைந்த இடத்தில் மட்டும் அகலத் தடத்தின் அடியிலிருந்து மெல்லியதாக ஒரு பைக் தடம் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது. அதையும் தாண்டிக் குனிந்தே போனவரின் தலை, ஏதோ ஒன்றின் மேல் மோதியது. அதில் "நெடுஞ்சாலை நண்பர்கள்" என்று எழுதியிருந்தது.

ரப்பர் ஷீட்டை மெல்லத் தூக்கினார். முன் சக்கரத்தில் உருண்டையான பைக் டயர். பின் சக்கரத்தில், செங்கல் மாதிரி சதுரமாக, தட்டையாக, வாட்டசாட்டமாக ஒரு கார் டயர்.

"பாதியில நின்ன நாலாவது ஏன் சார்," என்றாள் தென்றல் மெதுவாக. "அந்தச் சக்கரத்துக்கு ஏன் அவரு கடையில டயர் வாங்கல?"

நாகப்பன் ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளே முகம் வியர்த்து ஒழுகியது.

"கத்தாதீங்கப்பா, சொல்லிடறேன். பின் டயரு மொட்டையாயிடுச்சு. இந்த வண்டி டயர் வெளிநாட்டுலேர்ந்து வரணும். வெலயக் கேட்டுட்டு லீலா கூடவே கூடாதுன்னுடுச்சு. நெட்ல பாத்தா வெள்ளைக்காரன்லாம் பின்னாடி காரு டயர் மாட்டிக்கினு ஓட்றான். சீக்கிரம் தேயாதாம். இதுக்குன்னு தனியா ஒரு கோஷ்டியே கீது! எங்க காரு ரிம்மும் பதினாறு இஞ்ச், இந்த ரிம்மும் பதினாறு இஞ்ச். ஸ்டெப்னி சும்மா டிக்கியில படுத்துக்கினு கீது. அதப் பாத்தா எனக்குத் தூக்கமே வரல."

"விடியக்காலம்..." என்று இழுத்தார் ஜீவானந்தம்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணா லீலா முழிச்சிக்கும்னு, ஸ்டெப்னிய மேல கட்டி மெதுவா தள்ளிக்கினே போனேன். மாரிசெல்வம் பாத்துட்டான். அக்காகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினேன்."

"மெதுவா," என்றாள் தென்றல். அவள் கண்கள் விரிந்தன. "சார்! கேட்டுல மாரிசெல்வம் அண்ணன் 'பைய போங்க'ன்னாரே. கையில ஏது பை? அவங்க ஊர்ல பையன்னா மெதுவான்னு அர்த்தம் சார்! எங்க தெருவுல தூத்துக்குடி அக்கா ஒண்ணு கொழந்தைக்கு 'பைய நட, பைய நட'ன்னு சொல்லும். 'பைய எடுத்துட்டுப் போனாவ'ன்னா, மெதுவா எடுத்துக்கினு போனாருன்னு!"

"போனாவ?" என்றார் ஜீவானந்தம் பலவீனமாக.

"மொதலாளிக்கு மரியாத சார், கும்பல் இல்ல. நம்ம ஆளுன்னா நம்ம வூட்டு ஆளு. அந்த மனுசன் சத்தியத்தையும் காப்பாத்தி உண்மையையும் சொல்லிகிறாரு. நமக்குத்தான் தமிழ் தெரியல."

ஜீவானந்தம் பைக்கின் சீட்டைப் பார்த்தார். சேரப்பணஞ்சேரியிலிருந்து இதுவரை தேடி வந்த பொருளின் மேலேயே உட்கார்ந்து வந்திருக்கிறார். தமிழ்நாட்டில் வேறெந்தத் துப்பறிபவருக்கும் இந்தப் பெருமை கிடைத்திருக்காது.

"ஜீவா," நாகப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் தனுஷ்கோடி போய்ட்டு வந்து வேற ஸ்டெப்னி வச்சிடறேன். எங்கியோ கெடந்து கெடச்சுதுன்னு சொல்லிடுப்பா. லீலாவுக்குத் தெரிஞ்சா நான் காலி. அந்தப் பொண்ணுகிட்ட நான் தனியா சாரி சொல்லிடறேன். யாருக்கும் நஷ்டமில்லாம போயிடும்."

ஜீவானந்தத்துக்கு அது வசதியான யோசனையாகத்தான் பட்டது. பையைத் தேடி அலைந்த கதை வெளியே வராது. ஏஜென்சியின் பெயர் பிழைக்கும். சரி என்று சொல்ல வாயையும் திறந்துவிட்டார். அப்போது கர்ச்சீப்புக்காகச் சட்டைப் பையில் கையை விட, அறுந்த ஜிப் விரலில் தட்டுப்பட்டது. உள்ளாடையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு அந்தப் பெண் நின்ற கோலம் கண் முன்னால் வந்தது. அவருக்கு வெட்கமாகிவிட்டது. கோபமும் வந்தது, தன் மேலேயே.

"அண்ணே, ஷிப்ட் பஸ் வர்ற நேரமாச்சு," என்றார். "வண்டிய எடுங்க."

"பைய போகலாம்ப்பா, சேறு..."

"பையல்லாம் கிடையாது!"

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஷிப்ட் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பெண்களை இறக்கிக்கொண்டிருந்தன. கேட்டுக்கு வெளியே நாச்சியார் நின்றிருந்தாள். ஜிப் இல்லாத பையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். கிளாம்பாக்கம் போய் ஊர் பஸ் பிடிக்கப்போகிறாள். இறங்கிய பெண்கள் அவளைச் சுற்றி நின்று குசுகுசுத்தார்கள். லீலா கேட்டுக்கு உள்ளே, கையில் கார் சாவியோடு நின்றார்.

"ஸ்டெப்னி வந்துடுச்சுக்கா," என்றார் ஜீவானந்தம். வாய் குளறியது. "அதாவது, வந்துகிட்டேதான் இருந்துச்சு. நாச்சியார் எடுக்கல. நான்தான் தப்பா..."

தென்றல் போய் ரப்பர் ஷீட்டைத் தூக்கிப் பிடித்தாள்.

லீலா பின் சக்கரத்தைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். மறுபடி சக்கரத்தைப் பார்த்தார். "இதுக்காவா நான் டிராக்டர்ல போனேன்?" என்றார். சத்தம் போடாமல் கேட்டார். அதுதான் நாகப்பனுக்கு அதிகம் பயமாக இருந்தது.

நாகப்பன் நாச்சியார் பக்கம் நகர்ந்து ரகசியமாக, "சாரிம்மா," என்றார்.

"கேக்கல அண்ணாச்சி," என்றாள் நாச்சியார்.

"சாரிம்மா."

"எனக்குக் கேட்டுட்டு. அவியளுக்குக் கேக்கல." நாச்சியார் பெண்கள் பக்கம் கையைக் காட்டினாள். "என்னக் கள்ளின்னு முத்தத்துல வச்சு, மாடிக்குக் கேக்க சொன்னாவ. அதே மாதிரி சொல்லுங்க. எல்லாரும் இருக்காவ."

நாகப்பன் சுற்றிலும் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. டூரிங் பைக்கின் சீட்டைப் பிடித்துக்கொண்டு, கிளப்பில் கொடி அசைக்கும்போது போடுகிற அதே குரலில் கத்தினார். "ஸ்டெப்னிய எடுத்தது நான்தான்! நாச்சியார் இல்ல! நான்தான் திருடன்!"

மூன்றாவது மாடியிலிருந்து ஒரு விசில் கிளம்பியது. அடுத்து முழு ஹாஸ்டலும் கைதட்டியது. பஸ் டிரைவர் ஒருவர் விஷயம் தெரியாமலே ஹாரன் அடித்துக் கலந்துகொண்டார். மாரிசெல்வம் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து நிமிர்ந்து நின்றார்.

லீலா கேட்டைத் தாண்டி வெளியே வந்தார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. அவருக்கே அது எப்படிச் செய்வது என்று தெரியவில்லை போலும். கயிறு கட்டிய பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"தப்புதான் நாச்சியார்," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "நானு கேக்காம கொள்ளாம உன் பைய கொட்டினேன். மன்னிச்சிடு. வா, உள்ள போலாம்." கார் சாவியை நீட்டினார்.

நாச்சியார் சாவியைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. கண்ணை மட்டும் புறங்கையால் ஒரு தரம் துடைத்துக்கொண்டாள்.

"மொதல்ல ஸ்டெப்னியக் கழட்டி டிக்கியில வையுங்கக்கா. அது இல்லாத வண்டிய நான் எடுக்க மாட்டேன்."